ஐமுக முழவும் அதன் தோலும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகம் ஒன்று 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் விழாவில் பேச வருபவர் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். நான் இன்று ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். அது ஒரு முழவு. மிகப் பழைய மரபினது. சித்திர வேலைப்பாடு மிக்கது. கல்விக்கும் முழவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பொருளில் கண்ணுக்குப் புலப்படுவது யாது, புலப்படாமல் மறைந்து நிற்பது யாது எனப் பிரித்தறியும் ஆற்றல் கல்வியின் பயன்களுள் ஒன்று. அந்தப் பாடத்தை நமக்கு நடத்துவதற்கு இந்த முழவைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து.

நாம் இன்று கூடியிருப்பது மலைவலப் பாதையில், ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில். தில்லையைக் கண்டால் முத்தி, திருவாரூரில் பிறந்தால் முத்தி, காசியில் இறந்தால் முத்தி, அண்ணாமலையை நினைத்தாலே முத்தி என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இம்மலையை நினைப்பதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால், தில்லையைக் காண்பதற்கும் திருவாரூரில் பிறந்தவன் தன் கோவிலுக்குள் நுழைவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைத்தான் இந்த முழவு பேசுகிறது. ஆகவே, அண்ணாமலையடியில் இருந்துகொண்டே சிறிது நேரம் திருவாரூருக்கும் தில்லைக்கும் சென்று வருவோம்.

திருவாரூர் ஐமுக முழவு

திருவாரூர்த் தியாகராசர் கோவிலில் உள்ள அந்த முழவுக்குப் பஞ்சமுக வாத்தியம் என்று பெயர். தமிழில் குடமுழா, குடமுழவு, ஐமுக முழவு என வழங்குவர். திருத்துறைப்பூண்டிக் கோவிலிலும் இவ்வகை முழவு உண்டு. தமிழகத்தில் மிக அரிதாகவே காணப்படும் கருவி இது.

பெரிய வெண்கலக் குடம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். குடத்துக்கு ஒரு வாய் இருக்கும். இதற்கு ஐந்து வாய்கள். நடுவில் உள்ள வாய் பெரியது. அதனைச் சூழ்ந்து நான்கு சிறிய வாய்கள். ஒவ்வொரு வாயும் தோலால் மூடப்பட்டிருக்கும். சூழ உள்ள நான்கனுள் ஒன்றைப் பாம்பு சுற்றிக்கொண்டிருப்பதுபோல் வார்த்திருக்கின்றனர். ஒன்று சுவத்திக வடிவில் அமைந்தது. ஒன்று தாமரைபோல் விரிந்தது. ஒன்று எவ்வகை அணியும் இன்றி வெறுமையாக விடப்பட்டது. இவ்வாறு பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அவர்கள் இக்கருவியை விளக்கியுள்ளார். சிவபெருமானின் ஐந்து முகங்களாகிய ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்பனவற்றை இவ்வைந்து வாய்களும் குறிக்கும் என்பது மரபு. வாய்கள் அளவில் வேறுபடுவதால் ஒலியும் வேறுபடும். ஒருவரே நின்று ஐந்து ஒலிகளை எழுப்பலாம். திருவாரூரில் இதனை முழக்கும் உரிமை முட்டுக்காரர் எனப்படும் மரபினர்க்கு உரியது. சுத்த மத்தளம் முழக்குவோரும் அவர்களே.

குடமுழாவின் பழமைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டினர் என்று அறிஞர் பலர் கருதும் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு இறைவனின் கூத்துக்கு முழங்கும் கருவிகளை அடுக்கிச் சொல்லுமிடத்தில் குடமுழாவையும் சேர்த்துள்ளார். தேவாரத்திலும் அதன் ஒலி கேட்கிறது. ஆடல்வல்லானின் திருவடிக்கருகே அமர்ந்து பல கைகளால் குடமுழா முழக்கும் வாணாசுரனைப் பற்றிய கதையும் உண்டு. அன்றைய குடமுழா ஒருமுகமுடையதாகவும் இருந்தது. அது காலப்போக்கில் ஐந்து முகம் கொண்டு வளர்ந்த வடிவமே திருவாரூரில் நாம் காண்பது.

இத்தகைய முழவைக் காண்பவர் என்ன வியக்கின்றனர்? பாம்பை வியக்கின்றனர், தாமரையை வியக்கின்றனர், வெண்கல வார்ப்பை வியக்கின்றனர். வியக்க வேண்டியவையே அவை. ஆனால், அன்பர்களே, தோலைக் கழற்றிவிட்டால் அந்த வெண்கலக் குடம் வெறும் பாத்திரமாகிவிடும். தண்ணீர் நிரப்பி வைக்கலாம், முழக்க முடியாது. முழவுக்கு உயிர் தருவது தோல். அந்தத் தோலின் மேல் சித்திரமும் இல்லை, பெயரும் இல்லை. தேய்ந்து கிழிந்தால் அதனை மாற்றிவிடுவார்கள். வெண்கலம் நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும். தோலைச் செய்தவன் கைவண்ணம் சில ஆண்டுகளில் மறைந்துபோகும். ஆகவே, தோல் செய்தவனின் வரலாற்றை வெண்கலத்தில் தேடிப் பயனில்லை. அதனை இலக்கியத்திலும் கல்வெட்டிலும் நம் தெருக்களிலும் தேட வேண்டும்.

தோல் என்னும் அறிவு

தோல் தானே ஒலிப்பதன்று. அதனை ஒலிக்கச் செய்வது ஓர் அறிவு. காலணிக்கு வேண்டிய தோலை ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிடுவர். நம் மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. முழவுக்குரிய தோலை அவ்வாறு பதனிட்டால் அது மெத்தென்றாகி ஒலி இழக்கும். ஊறவைத்து, மயிர் நீக்கி, உட்புறத்துச் சதையைச் சுரண்டி, ஈரம் இருக்கும்போதே இழுத்துக் கட்டி, உலரவிட வேண்டும். உலரும்போது தோல் தானே இறுகும். எவ்விடத்தில் எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும் என்பது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும்.

நம் பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து, வட்டச் சட்டம் அமைப்பர். புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவர். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி. மறு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி. முழக்குவதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் பறையைக் காய்ச்சுவர். தோலில் உள்ள ஈரம் நீங்க, தோல் இறுக, ஒலி உயர்கிறது. இழுவிசை மிகுந்தால் அதிர்வெண் மிகும் என்று நான் எட்டாம் வகுப்பில் அறிவியல் பாடமாகச் சொல்கிறேன். எழுத்தறியாத நம் முன்னோர் அதனைத் தீயின் அருகே நின்று காதால் அறிந்திருந்தனர்.

மிருதங்கத்துக்கு வருவோம். அதில் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார் ஆகிய மூன்றும் சேர்கின்றன. பாலக்காடு மணி ஐயரின் புகழை இசையுலகம் அறியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்? மிருதங்கம் செய்வோருள் பலர் ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்தினர். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா அவர்கள் 2020இல் ஒரு தனி நூலே எழுதினார். கச்சேரி மேடையில் கருவி மட்டும் இருந்தது. அதனைச் செய்தவர் மேடைக்கு வெளியே இருந்தார். அந்நூல் வெளிவந்த பிறகுதான் பலருக்கு அது தெரிந்தது. எழுதப்பட்டால்தான் தெரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் அதற்கு வருவேன்.

முரசும் பறையும்

இனிச் சங்க காலத்துக்குச் செல்வோம். அன்றைய அரசர்க்குக் குடையும் கொடியும்போல் முரசும் ஓர் அடையாளம். போரில் வென்ற ஏற்றின் தோலை மயிர் நீக்காமலே போர்த்து முரசு செய்த செய்தி புறநானூற்றில் உண்டு. பகைவரின் காவல் மரமாகிய கடம்பை வெட்டி, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் முரசு செய்துகொண்டதைப் பதிற்றுப்பத்து கூறும். முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது. அதனை நீராட்டி, மாலை சூட்டி, வழிபட்டனர்.

அணி செய்யப்பட்ட முரசு எப்படி இருந்தது என்பதை மோசிகீரனார் பாடிய புறநானூற்று 50ஆம் பாட்டால் அறிகின்றோம். வாரால் இறுக்கிக் கட்டிய முரசு. அதன் மேல் மயிற்பீலியால் தொடுத்த மாலை. அதனுடன் பொன்னால் ஆன உழிஞை. அந்த முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்த வேளையில், வெறுமையாக இருந்த பூங்கட்டிலில் புலவர் அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறுவது கொலைத் தண்டனைக்குரிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வாளால் வெட்டவில்லை. விசிறி எடுத்து வீசினான். புலமையின் முன் முரசின் புனிதம் தாழ்ந்து நின்ற வேளை அது. படித்தவனுக்கு அரசன் விசிறி வீசிய நாடு இது என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அக்காலத்தில் பறை என்பது தோற்கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியர் எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பனவற்றோடு பறையையும் சேர்த்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகள் விரித்துக் கூறும். பறை இல்லாத நிலமே இல்லை. பறை என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்பதும் பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் பறைதல் என்றே கூறுகின்றனர். ஆக, செய்தி சொல்லும் கருவி பறை. செய்தி சொல்பவன் பறையன்.

புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையும் போற்றத்தக்க குடிகளாக எண்ணுகின்றார். அங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை. நாலடியாரிலோ மணப்பறை, பிணப்பறை என இரண்டும் வருகின்றன. திருமணத்துக்கும் பறை, சாவுக்கும் பறை என்னும் நிலை அது. பின்னர் நிகழ்ந்தது என்ன? மணவீட்டின் பறைக்கும் கோவிலின் பறைக்கும் முழவு, மேளம், மத்தளம் என்று வேறு பெயர்கள் நிலைத்தன. சாவு வீட்டில் முழங்கியதற்குப் பறை என்ற பெயர் எஞ்சியது. எல்லாக் கருவிக்கும் உரிய பொதுப்பெயர் ஒரு கருவிக்குச் சுருங்கியது. அந்தப் பெயர் ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்டது.

கல்வெட்டும் நந்தனாரும்

பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஊர்களைக் கொடுத்தபோது, வரி விதிக்கப்படாத இடங்களைக் கல்லில் பொறித்தான். குளம், சுடுகாடு, கம்மாணச்சேரி என்று வரும் அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. சங்கப் புலவர் குடியாக எண்ணிய மக்கள், சோழர் கல்லில் ஊருக்குப் புறத்தே ஒரு சேரியாக நிற்கின்றனர். கல்வெட்டுப் பொய் சொல்லாது. பெருமை மட்டுமே சொல்லும் என்று எதிர்பார்ப்பவர் அதனைப் படிக்கக் கூடாது.

அடுத்த நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அதில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாறு வருகிறது. கொள்ளிடக் கரையில் ஆதனூர். அவ்வூர்ப் புறத்தே ஒரு சேரி. அங்கே மாங்கிளைகளில் வாரால் விசித்த பறைகள் தொங்குகின்றன. நந்தனார் என்ன தொழில் செய்தார் என்பதைச் சேக்கிழார் மிகத் தெளிவாகக் கூறியுள்ளார். சிவன் கோவில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்க்கும் தோலும், இறுக்கும் வாரும் அவர் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். இத்தொண்டுக்கென ஊரார் விட்ட நிலத்துக்குப் பறைத்துடவை என்று பெயர்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றேன். அவர் கொடுத்த தோல் கருவறைக்கு அருகே முழங்கிற்று. அவர் கொடுத்த நரம்பு இறைவன் திருமுன்னர் இசைத்தது. கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகிய பின்னரே வெளியிலிருந்து இறைவனைக் கண்டார். தில்லையில் தீயில் மூழ்கிய பின்னரே உள்ளே சென்றார். தோலுக்குத் தீட்டு இல்லை, கைக்குத் தீட்டு! இந்த முரண்பாட்டைச் சேக்கிழார் மறைக்கவில்லை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லியே காலம் கழித்த ஒரு மனிதரின் பெயரே அவர்தம் திருப்பெயராக அமைந்துவிட்டது. அப்பெயரைக் கேட்கும்போது நான் பக்தியை மட்டும் கேட்பதில்லை. நாளை, நாளை என்று தள்ளிவைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் காத்திருப்பையும் கேட்கிறேன்.

ஒரு நாள் யானை

மீண்டும் திருவாரூருக்கு வருவோம். ஐமுக முழவு முழங்கும் அதே ஊரில் இன்னொரு மரபும் இருந்தது. பெருவிழாவின்போது பறையர் தலைவர் ஒருவர் இறைவனுடன் யானைமேல் ஏறி, சாமரம் ஏந்திச் செல்வார். யானையேறும் பெரும்பறையன் என்பது அவ்வட்டாரத்தில் வழங்கிய பட்டம். 19ஆம் நூற்றாண்டில் வால்அவுசு என்னும் ஆங்கிலேயர் இதனைக் குறித்துவைத்தார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகளும் குடிகளும் பற்றிய பெருநூலும் அதனை எடுத்துக் கூறுகிறது.

இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? மணிமேகலையின் முதற் காதையில், வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, பழங்குடியில் பிறந்த ஒருவன் புகார் நகருக்கு இந்திர விழாவை அறிவிக்கின்றான். யானைமேல் முரசறையும் பழைய உரிமைக்கும் திருவாரூர் மரபுக்கும் உறவு இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. ஒரு காலத்தில் பெற்றிருந்த மதிப்பின் எச்சம் என்று இதனைக் கொள்வாரும் உளர். நான் மறுக்கவில்லை. ஆனால், ஆண்டில் ஒரு நாள் யானைமேல் ஏற்றியவர்கள் மற்ற நாள்களில் அவரை எங்கே நிறுத்தினார்கள் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். ஒரு நாள் மரியாதை 364 நாள் உரிமைக்கு ஈடாகாது. ஐமுக முழவின் பாம்பும் தாமரையும் போன்றதே அந்த யானை, அது சித்திரம். தோலின் நிலை வேறு.

பறையை எறிவதா, எடுப்பதா?

இந்த இடத்தில், நம் இளைஞர்களிடையே உள்ள ஒரு கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகப் பேச விரும்புகின்றேன். பறை நம் இழிவின் சின்னம், அதனைத் தொடவே கூடாது என்பர் ஒரு சாரார். பறை நம் முன்னோர் கலை, அதனை மேடையேற்ற வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் என் மாணவர்களே. இரு சாரார் பக்கமும் நியாயம் உண்டு.

முதற் சாராரின் நியாயம் இது. ஊரில் யார் இறந்தாலும் நம்மவர் பறையடித்தாக வேண்டும் என்பது வேண்டுகோளாக இருந்ததில்லை, கட்டளையாக இருந்தது. மறுத்தால் வேலை போகும், அடி விழும். செத்த மாட்டை அகற்றுவதும் தோலுரிப்பதும் அவ்வாறே. அம்பேத்கர் அவர்கள் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், மகர் மக்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிவைத்த வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தது இதே நோயை எதிர்த்துத்தான். நம் தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் அவர்கள் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் போராடினார். அவர் தலைமையில் 1965இல் அமைந்த குழு, தீண்டாமை பற்றிய தன் அறிக்கையை 1969இல் அளித்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 23ஆம் பிரிவு கட்டாய ஊழியத்தைத் தடை செய்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது, தீண்டாமையின் பெயரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என வெளிப்படையாகக் கூறப்பட்டது. பறையை எறிந்தவர்கள் கலையை வெறுத்து எறியவில்லை. கட்டளையை எறிந்தார்கள். அவர்கள் எறிந்திராவிட்டால் இன்று நாம் இங்கே நாற்காலியில் அமர்ந்திருக்க மாட்டோம்.

இரண்டாம் சாராரின் நியாயம் இது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஓர் இதழ் தொடங்கியபோது அதற்குப் பறையன் என்றே பெயரிட்டார். எந்தப் பெயரால் இழிவுபடுத்தினார்களோ அந்தப் பெயரையே முகப்பில் அச்சிட்டு, மக்களின் உரிமைகளைப் பறைசாற்றினார். அதே துணிவு இன்று கலைத்துறையிலும் தோன்றியுள்ளது. திண்டுக்கல் சக்தி கலைக் குழுவில் நம் வீட்டுப் பெண்கள் பறை முழக்குகின்றனர். மதுரையைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விரும்பி எடுத்துக் கற்று, மதிப்போடு, ஊதியத்தோடு, யாரும் முழக்கும் கலையாகப் பறை மாறுவது வரவேற்கத்தக்கதே.

ஆகவே, என் கருத்து யாதெனின், பறையைத் தொடுவதா விடுவதா என்பதை முழக்குபவன் முடிவு செய்ய வேண்டும். ஊர் முடிவு செய்யக் கூடாது. எடுப்பவனை இழிந்தவன் என்று நம்மவரே இகழக் கூடாது. விடுபவனை மரபு மறந்தவன் என்றும் இகழக் கூடாது. ஆனால், இருவருக்கும் பொதுவான ஒரு கடமை உண்டு. பறையை விட்டவனும் அந்த அறிவை விட்டுவிடக் கூடாது. தோலைச் சீவிய விரலின் அறிவு, தீயின் முன் நின்ற காதின் அறிவு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய அடிகளின் அறிவு, இவை நம் முன்னோர் ஈட்டிய கல்வி. பள்ளிக்கூடம் அவர்களுக்கு மூடப்பட்டிருந்த காலத்தில் அவர்கள் ஈட்டிய கல்வி.

என் பள்ளியில் சேர்க்கையின்போது ஒரு சிறுவனிடம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். உடன் வந்த அவன் பாட்டி, கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா என்றார். அவன் தந்தை பறை செய்வதிலும் முழக்குவதிலும் கைதேர்ந்தவர் என்பது எனக்குப் பின்னர் தெரிந்தது. அந்த அம்மையார் மறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அப்படி மறைக்கவைத்த உலகத்தின்மேல்தான் வருத்தம். அந்தச் சிறுவன் மருத்துவனாகலாம், பொறியாளனாகலாம், ஆக வேண்டும். ஆனால், தன் தந்தை அறிவில்லாதவர் என்று எண்ணிக்கொண்டு அவன் உயரக் கூடாது.

நம் ஊரில்

திருவண்ணாமலையைப் பாருங்கள். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராச குலத்தாருக்கு உரியது. மீனவர் மரபினரான அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதனைச் செய்துவருகின்றனர். அப்பணியும் பெயரும் மதிப்போடு ஒன்றாக நிலைத்துள்ளன. ஊரறிய ஒரு குலம் தன் பணியைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. தோல் கொடுத்தவருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

கோவில் நுழைவுக்காக 1939இல் மதுரை மீனாட்சி கோவிலில் போராட்டம் வென்றது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டமே வந்தது. ஆயினும், நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் நம் மக்கள் அடியெடுத்து வைத்தது 2023ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள். மாவட்ட ஆட்சியரும் காவல் துறையினரும் உடனிருந்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அன்று பொங்கல் பானையோடு சென்ற தாய்மார்களுள் முதியவர் பலர், வாழ்நாளில் முதன்முறையாக அந்த வாயிலைக் கடந்தார்கள். சட்டத்துக்கும் அந்த நாளுக்கும் இடையே 75 ஆண்டுகளுக்கு மேல். திருநாளைப்போவாரின் நாளை அவ்வளவு நீளமானது.

ஒரு வேண்டுகோள்

இளைஞர்களே, இக்கழகத்தின் 25 ஆண்டு வரலாற்றை எழுதிவைக்க இம்மலர் வெளிவருகிறது. மகிழ்ச்சி. அடுத்து ஒரு பணியை உங்களிடம் ஒப்படைக்கின்றேன். நம் தெருக்களிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் பறை செய்யத் தெரிந்த முதியவர்கள் சிலர் இன்னும் உள்ளனர். ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். அவர் யாரிடம் கற்றார், எந்த மரத்தைத் தேர்ந்தார், தோலை எத்தனை நாள் ஊறவைத்தார், எந்த அடிக்கு என்ன பெயர், எந்த அடி எந்நிகழ்ச்சிக்கு உரியது என்று கேட்டு எழுதுங்கள். கைப்பேசியில் ஒலியையும் பதிந்துகொள்ளுங்கள். அவர் விரும்பினால் பெயரோடு எழுதுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கட்டாயத்தால் அடித்தாரா, விருப்பத்தால் அடித்தாரா என்பதையும் கேளுங்கள். அவர் பட்ட அவமானத்தையும் விடாமல் எழுதுங்கள். பெருமையை மட்டும் எழுதினால் அது பாம்பும் தாமரையும் பொறித்த வெண்கலமாகிவிடும். அக்குறிப்பேடுகள் நம் கழக நூலகத்தில் இருக்கட்டும்.

திருவாரூர்க் குடமுழாவின் ஐந்து வாய்களுள் ஒன்று அணி ஏதுமின்றி வெறுமையாக விடப்பட்டது என்று முன்னர்ச் சொன்னேன். தத்துவம் அறிந்தவர்கள் அதற்குத் தக்க விளக்கம் தருவார்கள். ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அது, எழுதப்படாத ஒரு பக்கமாகத் தோன்றுகிறது. அந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு நம் வீடுகளில் செய்தி இருக்கிறது; எழுதுவதற்கு உங்களுக்கு எழுத்து இருக்கிறது. செய்தியை வைத்திருக்கும் முதியவர்களுக்கோ நாள்கள் அதிகம் இல்லை. ஆகவே, நாளைக்குப் போவோம் என்று தள்ளிவைக்காமல், இந்த வாரமே செல்லுங்கள்.